பால் குடுக்கிற வரைக்கும்

21 மே 2024, செவ்வாய்

நர்மதா நேற்று ராத்திரி ஏழு மணி நேரம் ஒரே தூக்கம். பிறந்து மூன்று மாதம் பத்து நாள்தான் ஆகிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஏதோ நானே தூங்கிப் பரிசு வாங்கியதுபோல.

காலையில் துணி காயப்போடும்போது அத்தை கேட்டார். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிறவர், இதை மட்டும் கொடிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தலைக்குக் குளிச்சியாத்தா?”

மாதவிலக்கு திரும்பிவிட்டதா என்று அர்த்தம்.

“இன்னும் இல்லத்தை.”

“அப்பச் சரி. பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. கவலைப்படாம இரு.”

தலையாட்டினேன். நான் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். என் மாமியார் கற்பகம் அத்தை ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். அவர் பாடம் நடத்த, நான் தலையாட்டினேன். பிரசவ விடுப்பு ஆகஸ்ட் வரை இருக்கிறது. மூளைக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் போல.

25 மே, சனி

அத்தை மதியம் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பிள்ளை தூங்கினாள். வெளியே நல்ல மழை, என் வீட்டுக்காரர் ஈஸ்வரனுக்கு ஜீப் ஓட்டம் இல்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

26 மே, ஞாயிறு

காலையிலிருந்து ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதுதான் காதில் ஓடுகிறது.

எனக்குச் சிசேரியன். அதோடு நிற்காத ரத்தப்போக்கு, நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்: “அடுத்ததுக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேணும். சீக்கிரம் ஆச்சுன்னா தையலுக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. என்ன முறை வேணும்னு இப்பவே சொல்லு.” பக்கத்தில் அத்தை. அந்தப் பக்கம் என் அண்ணன். கட்டிலுக்கு அடியில் பிளாஸ்க் மூடியைத் தேடிக்கொண்டிருந்த ஈஸ்வரன். “அப்புறம் சொல்றேன் மேடம்” என்றேன். ஆறாவது வாரம் செக்கப்புக்கு வரச் சொன்னார்கள். அந்த வாரம் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அடுத்த வாரம் பங்குனித் திருவிழா. அதற்கடுத்த வாரம் காரணமே தேவைப்படவில்லை.

ஈஸ்வரனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். “காலைல மூணரைக்கு எந்திரிக்கணும், பிள்ளை முழிச்சுக்கிரும்.” கம்பம்மெட்டிலிருந்து தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப் அவருடையது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மூன்றரைக்குத்தான் எழுந்திருக்கிறார். இத்தனை நாள் பிள்ளை முழிக்கவில்லையா?

பக்கத்து வீட்டு வினோவிடம் ரகசியமாகக் கேட்டேன். உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தாள். “நான் ரெண்டு வருசமாப் போடுறேன்க்கா. ஒண்ணும் பண்ணல. தினம் ஒண்ணு.” அவள் பையனுக்கு மூன்று வயது. என் மகளுக்கு மூன்று மாதம். இரண்டிலும் மூன்று இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல.

மருந்து டப்பாவில் வைத்தால் அத்தை கண்ணில் படும். பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்துக்குள் வைத்தேன். அதை இந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை, நான் உட்பட.

30 மே, வியாழன்

ஐந்தாவது மாத்திரை. லேசாகத் தலைசுற்றல். ஈஸ்வரன் இன்றும் முன்னறையில்தான். அப்படியானால் இதை யாருக்காக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்?

5 ஜூன், புதன்

நர்மதா மார்பைப் பிடிக்கிறாள், நாலு வாய் குடிக்கிறாள், விட்டுவிட்டு அழுகிறாள். மறுபடி பிடிக்கிறாள், மறுபடி அழுகை. பால் குறைந்துவிட்டதா? அத்தை பூண்டு உரித்துத் தருகிறார், கருவாட்டுக் குழம்பு வைக்கிறார். நான் இரண்டையும் தின்றுவிட்டு அதற்கு மேலே மாத்திரையையும் போடுகிறேன். ஒழுங்கான டீச்சராக இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருப்பேன்.

8 ஜூன், சனி

அங்கன்வாடியில் எடை போட்டார்கள். போன மாதம் ஐந்து கிலோ நானூறு. இந்த மாதம் ஐந்து கிலோ ஐந்நூறு. ஒரு மாதத்துக்கு நூறு கிராம். ஒரு சின்னப் பொட்டலம் ஏலக்காய் அவ்வளவு இருக்கும்.

ஆஷா பணியாளர் செபமாலையம்மாள் எடை அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“டீச்சர், பாலைத் தவிர வேற எதாவது குடுக்கிறீங்களா?”

“பால் மட்டுந்தான்” என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

பின்னாலிருந்து அத்தை சொன்னார்: “ராத்திரி அவ குளிக்கப் போகும்போது ரெண்டு கரண்டி கூவக்கெழங்குப் பொடிக் கஞ்சி குடுப்பேன். அதனாலதான பிள்ளை அப்பிடித் தூங்குது.”

ஏழு மணி நேரச் சாதனை இதுதான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே.

செபமாலையம்மாள் அத்தையைத் திட்டவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பால் குடுத்தா புள்ள தரிக்காதுங்கிறது பொய்யில்ல டீச்சர். ஆனா மூணும் சேர்ந்திருக்கணும். புள்ளைக்கு ஆறு மாசம் தாண்டியிருக்கக் கூடாது. நீங்க தலைக்குக் குளிச்சிருக்கக் கூடாது. பால் மட்டுந்தான் குடுக்கணும், பகல்ல நாலு மணி நேரம், ராத்திரி ஆறு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடக் கூடாது. இதுல ஒண்ணு போனாலும் போச்சு. நீங்க ஏதும் முறை எடுத்திருக்கீங்களா?”

“அதெல்லாம் பாத்துக்கிட்டோம்” என்றேன். புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறவள் வேறு எப்படிச் சொல்வாள்?

வீட்டுக்கு வந்ததும் இனி கஞ்சி கிடையாது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கழுவி வைத்தார். நான் காலண்டரில் மே இருபத்தைந்திலிருந்து நாளை எண்ணினேன்.

9 ஜூன், ஞாயிறு

மாத்திரை அட்டையோடு வந்த தாளை இன்றுதான் பிரித்தேன். சிற்றெறும்பு வரிசைபோல எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கி வாசித்தேன். பாலூட்டும் தாய்மார்கள் முதல் ஆறு மாதம் இதைத் தவிர்க்க வேண்டும், பால் சுரப்பு குறையலாம் என்று போட்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் என்ற சொல்லை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சைக்கு வரும் என்று சொல்கிறவள் நான்.

பதினைந்து நாள் என் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்திருக்கிறேன். அதுவும் முன்னறையில் படுக்கிற ஒரு மனுஷனுக்காக.

அட்டையை வெளியே எறிந்தேன். எறிந்த இடத்தை அத்தை பார்த்துவிடுவாரோ என்று திரும்பப் போய் எடுத்து, கிழித்து, மறுபடி எறிந்தேன்.

15 ஜூன், சனி

காலையில் வாந்தி. மதியமும் வாந்தி. கர்ப்பம். சந்தேகமே இல்லை. தையலில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன் — உனக்கு நாலு மாசம் ஆகும்போது ஒங்கம்மா இப்பிடிப் பண்ணிட்டான்னா? மறுபடி அந்த ஆஸ்பத்திரிக் கட்டில். மறுபடி அந்தக் குளிர். உடம்பு தானாக நடுங்குமே, பல் அடிச்சுக்குமே. அய்யோ, நான் செத்துப்போனா இவளை யார் பார்ப்பா.

நேற்று ஒரே மூச்சில் பதினெட்டு பலாச்சுளை தின்றது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

17 ஜூன், திங்கள்

பரிசோதனை அட்டை வாங்க வேண்டும். உடும்பஞ்சோலையில் வாங்க முடியாது, மருந்துக்கடைக்காரரின் மகள் என் வகுப்பு. சாந்தன்பாறையிலும் முடியாது, அங்கே வினோவின் நாத்தனார். ஆகவே அறிவாளி டீச்சர் என்ன செய்தாள்? பிள்ளையை அத்தையிடம் விட்டு, பல்வலி என்று சொல்லி, பஸ் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி, கேரளாவிலிருந்து மாநிலமே மாறி, மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனாள். பஜாரில் முன்பின் தெரியாத கடை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கவுண்டருக்குப் போனால், அங்கே பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு நிற்கிறார் தனபால். எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.

“அட, டீச்சர். ஒடம்புக்கு என்ன?”

“பல்வலிங்க.”

“பல்லுக்கு இம்புட்டு தூரமா? இவங்களுக்கு மொதல்ல குடுப்பா.”

கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். தனபால் பார்க்கிறார். பல்வலி மாத்திரை, குழந்தை பவுடர், ஒரு பாட்டில் கிராம்புத் தைலம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மலையேறும் பஸ்ஸில் மார்பு கனத்து, பால் கசிந்து, சேலை முழுக்க ஈரம். பால் இல்லை இல்லை என்று அழுத உடம்பு, பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரத்தில் தாராளமாகக் கொடுக்கிறது.

18 ஜூன், செவ்வாய்

காலையில் செபமாலையம்மாள் எடை அட்டையில் கையெழுத்து வாங்க வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்கும் முன்னாலேயே நானே கொட்டிவிட்டேன். வினோ, மாத்திரை, கம்பம், கிராம்புத் தைலம் எல்லாம்.

அவர் தோள்பையைத் திறந்து ஒரு பரிசோதனை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது எப்பவும் என் பையில இருக்கும் டீச்சர். காசு கிடையாது.”

ஐந்து நிமிடம். ஒரே கோடு. இல்லை.

“இருபத்தஞ்சாம் தேதியிலருந்து மூணு வாரம் தாண்டிருச்சு. அதனால இதை நம்பலாம். நாளைக்கு ஹெல்த் சென்டருக்கு டாக்டர் வர்றாங்க. நானும் வர்றேன். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”

சாயங்காலம் ஈஸ்வரன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடினார். டயரைப் பார்த்தபடியே பேசினார்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒரு பேப்பரை நீட்டுனாங்க, பூமாரி. தாய் உசுருக்கு எதாச்சும்னா சம்மதம்னு கையெழுத்து. எனக்கு என் பேரையே எழுதத் தெரியல. ஈஸ்வரன்ல ‘ஸ்’ எங்க வரும்னு அந்த நர்ஸ்கிட்ட கேட்டேன்.”

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

“நாலு மாசமா நெனைப்பு அதுலதான். போன மாசம் அப்பிடி ஆனதும் உன் பக்கத்துல வரவே பயம். ஹெல்த் சென்டருக்குப் போனேன். ஆம்பளைக்குப் பண்ற ஆபரேஷன் எனக்குப் பண்ணி விடுங்கன்னு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜின்சன்கிட்ட சொன்னேன்.”

“எதுக்கு என்கிட்ட சொல்லல?”

“எப்பிடிச் சொல்ல? அவரு, ‘ஒரே புள்ள, அதுக்கும் ஒரு வயசு ஆகல. அது நிரந்தரம். வீட்ல பேசிட்டு வா’ன்னு ஒரு கவரைக் கையில குடுத்து அனுப்பிட்டாரு. ஆணுறை. ஜீப் டேஷ்போர்டுல வச்சிருந்தேன். தீப்பெட்டி தேடுறேன்னு பிச்சைமணி பொண்டாட்டி தெறந்துருச்சு.”

“அப்புறம்?”

“பதினோரு பொம்பளைங்க ஜீப்புல. தோட்டம் வர்ற வரைக்கும் சிரிப்பு.”

நானும் சிரித்தேன். தையல் இழுக்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் ஈரக்கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனி அறையில் வைத்துக் காவல் காத்திருக்கிறோம்.

19 ஜூன், புதன்

ஹெல்த் சென்டர். டாக்டர் சின்ன வயசுக்காரி. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். ரத்தத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, தையல் நன்றாக ஆறியிருக்கிறது. மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, “அதை நிறுத்தியது நல்லதாயி. இனி குட்டி நல்லா குடிச்சா பால் திரும்ப வரும், பேடிக்க வேண்டா” என்று தைரியம் சொன்னார். பிறகு, “டீச்சர் எந்து சப்ஜெக்ட்?”

“பயாலஜி.”

அவர் குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

பால் கொடுக்கிறவளுக்கு ஒத்துவருகிற வழிகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை உண்டு, ஆனால் தினமும் அதே நேரத்துக்குப் போட வேண்டும். ஹார்மோனே இல்லாத இன்னொரு மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, நிறுத்திய பிறகு அடுத்த கர்ப்பம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகலாம். கருப்பைக்குள் வைக்கிற காப்பர் டி, வேண்டாமென்றால் அன்றே எடுத்துவிடலாம், முதல் சில மாதம் விலக்கு கூடுதலாகப் போகலாம். ஆணுறையால் பாலுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் மறக்கக் கூடாது.

எனக்கு மாத்திரை சரிவராது. இரும்பு மாத்திரையையே வாரத்தில் நாலு நாள் மறக்கிறவள். இன்னொரு பிள்ளை வேண்டும், ஆனால் மூன்று வருடம் கழித்து. காப்பர் டி என்று மனசு சொன்னது. வாய் மட்டும், “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றது. பழைய வியாதி.

ஈஸ்வரன் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்: “வீடு நாந்தான். நான் இங்கதான இருக்கேன்.”

அடுத்த புதன் வரச் சொன்னார்கள். அதுவரை டேஷ்போர்டுக் கவர்.

22 ஜூன், சனி

அத்தையிடம் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்தக் கம்பியா? வேணாந்தா. அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிரும்.”

“எந்த வழியாத்தை?”

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கருப்பையை வரைந்தேன். பேரிக்காய் கவிழ்த்த மாதிரி. இங்கே வைப்பார்கள், இங்கே சுவர், இதைத் தாண்டி நெஞ்சுக்கு வழி இல்லை, எப்போதாவது தானாக நழுவி வெளியே வரலாம், அதற்குத்தான் அதில் கட்டியிருக்கிற நூல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள் என்றேன். அத்தை தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். வரைந்துகொண்டே இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ரேஷன் கார்டில் எத்தனையோ முறை நான் பார்த்த தேதிதான்: ஈஸ்வரன் பிறந்தது ஏப்ரல் தொண்ணூற்று மூன்று. அவர் தங்கச்சி மார்ச் தொண்ணூற்று நான்கு.

“அத்தை, உங்க ரெண்டு பிள்ளைக்கும் பதினோரு மாசந்தான வித்தியாசம்?”

“ஆமா.”

“அவருக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதா?”

“ஆமாத்தா. வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, முதுகுல காய்க்கூடை. மூணாவது தங்கல. அதுல நான் பொழைச்சதே பெருசு.”

“அப்புறம் ஏத்தை என்கிட்ட அப்பிடிச் சொன்னீங்க?”

முறத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் போட்டார்.

“எங்கத்தை எனக்குச் சொன்னா. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். உனக்கு வேற என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

ஆறு வருடமாக உயிரியல் நடத்துகிறேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் இரண்டு தேதியையும் கழித்துப் பார்த்தால் போதும்.

26 ஜூன், புதன்

ஆயிற்று. பத்து நிமிடம்கூட இல்லை. உள்ளே ஒரு சுருக், பிறகு மாதவிலக்கு வலிபோல அடிவயிற்றில் ஒரு பிடி. “காலை இறுக்காதீங்க டீச்சர், மூச்சு விடுங்க” என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மூச்சு விடுவதற்குப் பதில் காப்பரின் அணு எண் இருபத்தொன்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்தால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஈஸ்வரன் வேர்த்துப்போய் நிற்கிறார். என்னைவிட அவர்தான் வெளுத்திருந்தார். சிஸ்டர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

6 ஜூலை, சனி

எடை ஆறு கிலோ நூறு. கஞ்சி இல்லை, கண்டதும் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால்தான். எனக்குத் தூக்கம் என்ற ஒன்று இருந்ததாக ஞாபகம்.

19 ஜூலை, வெள்ளி

விலக்கு வந்தது. நிறையப் போனது. பயந்து செபமாலையம்மாளுக்குப் போன் செய்தேன். எத்தனை துணி மாற்றினேன், மயக்கம் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுவிட்டு, “மொத ரெண்டு மூணு மாசம் இப்பிடித்தான் இருக்கும். மணிக்கு ஒண்ணு நனைஞ்சா உடனே வந்துருங்க. இரும்பு மாத்திரை போடுறீங்களா?” என்றார். போடுகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுப் போட்டேன்.

28 ஜூலை, ஞாயிறு

முன்னறைப் பாயை ஈஸ்வரன் இன்று தானாகவே சுருட்டிப் பரணில் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்றரைக்கு அவர் எழுந்தபோது பிள்ளை முழிக்கவும் இல்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

பள்ளிக்குத் திரும்பினேன். மூன்றாவது பீரியடில் ரவிக்கை நனைந்தது. ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். டீச்சருக்கு அட்டெண்டன்ஸ் மேல் இவ்வளவு பாசமா என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

25 செப்டம்பர், புதன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தை இல்லை. காய் எடுப்பு மும்முரமான நேரம், இன்னும் தோட்டத்தில் இருப்பார் என்று நினைத்தேன். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வினோவின் வீடும் பூட்டிக் கிடந்தது. ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. முன்சீட்டில் அத்தை, மடியில் நர்மதா. பின்னால் வினோவும், கைப்பிள்ளையோடு தோட்டத்துப் பெண்கள் நாலு பேரும். எல்லோரும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள்.

“எங்க போயிட்டு வர்றீங்க?”

“ஹெல்த் சென்டருக்கு” என்றார் அத்தை, ஏதோ மாவு மில்லுக்குப் போய்வந்ததுபோல. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

ஈஸ்வரன் சாவியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“அரைநாள் லீவு கேட்டு அம்மாதான் கூட்டிட்டுப் போச்சு. இதுகள்ல ஒண்ணு, எங்கத்தை பால் குடுத்தா போதும்னு சொல்றாங்கன்னுச்சு. ‘நானும் அப்பிடித்தான் சொன்னேன், தப்பு, ஜீப்புல ஏறு’ன்னுருச்சு. உள்ள டாக்டர் பேசி முடிக்க விடல. கஞ்சி குடுக்கலாமா, தையல் இருந்தா எது வைக்கலாம், நூலை எப்பப் பாக்கணும், எல்லாத்தையும் அம்மாவே கேக்குது.”

“அதுக்கு ஏன் எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க?”

“கம்பி நெஞ்சுக்கு ஏறுமான்னு ஒருத்தி கேட்டுட்டா. ‘என் மருமகளுக்கு வச்சிருக்கு, அவளையே கேளு’ன்னு அம்மா சொல்லுச்சு.”

“எங்க வச்சு இப்பிடிச் சொன்னாங்க? டாக்டர் ரூம்லயா?”

“ஜீப்புல, கடைவீதி வழியா வரும்போது. கண்ணாடியெல்லாம் எறக்கி விட்டுருந்துச்சு.”